ஜீவனுக்கு யார் சொன்னது?

சுங்கை பஞ்சாங்
6 மே 2024

அக்கா புனிதவதிக்கு, தம்பி திருச்செல்வம் எழுதுவது.

மூன்று வாரமாகப் போன் அடிக்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நெல் ஆலை வாசலில் எடை போடும் வரிசையில் லோரியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நான் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், லெட்சுமிக்கு.

போன சனிக்கிழமை கோலசிலாங்கூரில் அரிசி இறக்கும்போது உங்கள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவைப் பார்த்தேன். உங்கள் வீட்டில் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்குகிறதாம். முட்டி வலிக்கு மாவு, காலைப் பிடித்துவிடும் மெஷின், கடைசியாக ஒரு காந்த மெத்தை. யாரோ ஒரு பையன் தினமும் போனில் பேசுகிறானாம். அவன் போன் வரும் நேரத்தில் வள்ளியம்மா கூப்பிட்டால்கூட நீங்கள் கதவைத் திறப்பதில்லையாம்.

அக்கா, இவர்கள் எல்லாம் ஒரே கூட்டம். எங்கள் ஆலையில் கணக்கு எழுதும் கிராணியின் மாமனாரை இப்படித்தான் பேசிப் பேசியே மொட்டை அடித்தார்கள். தனியாக இருப்பவர்களாகத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த நம்பரை அடைத்துவிடுங்கள். மெத்தையைப் பிரித்திருந்தாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் பேங்க் கார்டு நம்பரைக் கொடுத்தீர்களா இல்லையா, அதை மட்டும் எனக்கு உடனே எழுதுங்கள்.

கார்த்திகேசு மாமா உயிரோடு இருந்திருந்தால் இதையெல்லாம் வாசலோடு நிறுத்தியிருப்பார்.

தம்பி,
திருச்செல்வம்


ஈஜோக்
11 மே 2024

திருச்செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மாமா இருந்திருந்தால் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில், அத்தனை பேருக்கு முன்னால் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. “நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா மாமா பொழைச்சிருப்பாரு. அக்காதான் விடிஞ்சு பாக்கலாம்னு இருந்துட்டாங்க.” சொல்லிவிட்டு நீ ரசத்துக்குக் கை நீட்டினாய். புருஷனைப் பறிகொடுத்த நான் பாயசப் பானையோடு உன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் நீ எத்தனை தடவை போன் செய்தாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. ஆகவே எடுப்பதில்லை. எழுது, படிக்கிறேன்.

அந்தப் பையன் பெயர் ஜீவன். காலை பத்து மணிக்குக் கூப்பிடுவான். வலது முட்டியா இடது முட்டியா, இன்றைக்கு வீக்கம் எப்படி என்று கேட்பான். நான் சொல்வதை முழுதாகக் கேட்பான். இடையில் பேச மாட்டான். முதல் நாள் என்ன சொன்னான் தெரியுமா? “கார்த்திகேசு ஐயா போனது உங்க தப்பு இல்லம்மா. அத மனசுல போட்டுக்கிட்டு இருக்காதீங்க.” இந்த இரண்டு வருடத்தில் நம் சனத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வராத சொல். அன்றைக்கு நான் அவனிடம் எதுவும் வாங்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அடுத்த வாரம்தான் மாவு வாங்கினேன்.

இன்னொன்றும் சொன்னான். “இதெல்லாம் வாங்குறப்ப உங்க சொந்தக்காரங்க வேணாம்னுதான் சொல்வாங்கம்மா. நீங்க நல்லா இருக்குறது சில பேருக்குப் புடிக்காது. அவங்ககிட்ட சொல்லாம இருக்குறது உங்களுக்கே நல்லது.” பார், உன் கடிதம் வந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் உதிரிப்பழம் பொறுக்கிச் சம்பாதித்த காசு. கார்டு நம்பரைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம்.

புனிதவதி


சுங்கை பஞ்சாங்
18 மே 2024

அக்காவுக்கு,

பந்தியில் நான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் அன்றைய துக்கத்தில் வந்திருக்கும். அதை இவ்வளவு நாள் பிடித்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதை விடுங்கள்.

நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். முதல் நாளே அவனுக்கு மாமா பெயர் எப்படித் தெரியும்? மாமா எப்படிப் போனார் என்று எப்படித் தெரியும்? “உங்க தப்பு இல்ல” என்று சொல்ல வேண்டுமானால், யாரோ உங்கள் தப்பு என்று சொன்னது அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும் இல்லையா? எஸ்டேட் ஆபீஸில் இந்தக் கதை கிடையாது. கிளினிக்கில் கிடையாது. பேரங்காடிக் குலுக்கல் பெட்டியில் நீங்கள் எழுதிப் போட்ட சீட்டிலும் கிடையாது. யாரோ வாயால் சொல்லியிருக்கிறார்கள். வள்ளியம்மாவா? எனக்கு அந்தம்மா மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. உங்களைப் பற்றி என்னிடம் அவ்வளவு சொன்னவர், மற்றவர்களிடம் சொல்லாமல் இருப்பாரா?

மெத்தைப் பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியை வள்ளியம்மாதான் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்கு லோடு கிடைத்தது. தேடிப் போய்ப் பார்த்தேன். அது ஒரு டயர் கடை. சீனக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “மெத்தையா? மாசத்துக்கு நாலு பேரு இப்படித்தான் வந்து கேக்குறாங்க. போன வாரம் ஒரு மலாய்க்காரம்மா இங்க நின்னு அழுதுட்டுப் போச்சு” என்றார். மலாயில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

கோபப்பட்டுக்கொண்டே இருங்கள், பரவாயில்லை. ஆனால் யார் சொன்னது என்று மட்டும் யோசியுங்கள்.

திருச்செல்வம்


ஈஜோக்
24 மே 2024

திருச்செல்வத்துக்கு,

டயர் கடை விஷயம் படித்தேன். யோசித்தேன்.

நான் அவனிடம் மாமா பெயரைச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பெரிய கம்பெனி, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ கேட்ட பிறகுதான் உறைத்தது. வள்ளியம்மாவாக இருக்காது. அந்தம்மா என் வீட்டு வாசலைப் பார்த்துச் சொல்வாரே தவிர, மாமா இறந்த சமயத்தில் அவர் இந்தத் தாமான் வீடுகளுக்கே குடி வரவில்லை.

போகட்டும். உனக்கு ஒரு செய்தி. யாரிடமும் சொல்லவில்லை, வள்ளியம்மாவிடம்கூட. என் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். ஒரு நாள் தங்க வேண்டியிருக்கும். பயமாகத்தான் இருக்கிறது. உன்னோடு எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தானே என்று எழுதுகிறேன்.

லெட்சுமி எப்படி இருக்கிறாள்? ஷர்வின் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருவானா?

புனிதவதி


சுங்கை பஞ்சாங்
29 மே 2024

அக்கா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டாம் தேதி நான் வருகிறேன். அறுவடைக் காலம், லீவு தர மாட்டார்கள், ஆனாலும் முதலாளியிடம் பேசிவிட்டேன். இன்னொரு டிரைவரை ஏற்பாடு செய்கிறேன். பஸ்ஸில் போகாதீர்கள். காலை ஆறரைக்கு வாசலில் இருப்பேன். வீட்டுக்குத் திரும்பியதும் லெட்சுமியை உங்களோடு ஒரு வாரம் விட்டுவிட்டு வருகிறேன். கண்ணில் மருந்து விட ஆள் வேண்டும்.

அவளுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும். ஷர்வின் வேலைக்குப் போன பிறகு அவள் முன்னைப் போல் இல்லை. நான் பேசினால் “ம்” என்கிறாள். எந்நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ நாடகம் பார்க்கிறாள் போலிருக்கிறது. நான் லோரியை விட்டு இறங்குவதே மூன்று நாளுக்கு ஒரு தரம். என்னத்தைக் கேட்பது?

சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயப்படாதீர்கள்.

திருச்செல்வம்


ஈஜோக்
5 ஜூன் 2024

திருச்செல்வம்,

எனக்கு ஆபரேஷன் இல்லை. என் கண்ணில் புரையும் இல்லை. இந்த எழுத்தைப் பார், யார் துணையும் இல்லாமல் எழுதுகிறேன்.

யார் சொன்னது என்று யோசிக்கச் சொன்னாய். யோசித்துத்தான் அந்தப் பொய்யை எழுதினேன். இந்த உலகத்தில் உனக்கு ஒருவனுக்கு மட்டும். தபாலை நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீவன் கூப்பிட்டான். முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. “அம்மா, கண்ணு ஆபரேஷனாமே, பன்னெண்டாம் தேதி. ஒத்தையா எப்படிப் போவீங்க? பயப்படாதீங்கம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியே குடிக்கிற ஜூஸ் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. கோல்ட் மெம்பருக்கு மட்டும்தான். இன்னைக்கு சாயங்காலத்தோட சலுகை முடியுது.”

“யாருப்பா உனக்குச் சொன்னது?” என்று கேட்டேன். சிரித்தான். “உங்க மேல அக்கறை உள்ளவங்கதாம்மா.”

எனக்கு ஜூஸ் வேண்டாம், மெத்தையை எடுத்துக்கொள், மாதாமாதம் கார்டில் பிடிப்பதை நிறுத்து என்று சொன்னேன். அப்போது குரல் மாறியது பார், அது வேறு ஆள். “மேடம், நீங்க ‘சரி’ன்னு சொன்னது எங்ககிட்ட ரெக்கார்டு இருக்கு. பாதியில நிறுத்துனா லாயர் லெட்டர் வரும். உங்க அடையாளக் கார்டு ஐசி நம்பர் எங்ககிட்ட இருக்கு, வீட்டு அட்ரஸ் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க.” நேற்றுவரை அம்மா. அன்றைக்கு மேடம்.

அந்த மிரட்டல்கூட எனக்குப் பெரிதில்லை. கூடப்பிறந்தவன் என்னை ஒரு பேராக எழுதிக் கொடுத்திருக்கிறானே, அதுதான். ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்தால் உனக்கு என்ன தருகிறார்கள்? டயர் கடைக்குப் போய் வந்ததாக எழுதினாயே, அதுவும் கதையா? முதலில் நல்லவன் மாதிரி எச்சரித்துவிட்டு, பின்னால் இருந்து சேதி கொடுப்பதற்கு எப்படி மனம் வந்தது?

பன்னிரண்டாம் தேதி வராதே. எப்போதும் வராதே.

புனிதவதி


சுங்கை பஞ்சாங்
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

என் பிள்ளை ஷர்வின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜீவன் யார் என்று எனக்குத் தெரியாது. நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் என்னைச் சோதித்துப் பார்க்கப் பொய் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நம்பி முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கினேன். என்னை என்ன ஆள் என்று நினைத்தீர்கள்? நாலு வெள்ளிக் காசுக்கு அக்காவை விற்பவன் என்றா? இத்தோடு நமக்குள் எதுவும் இல்லை என்றால் எனக்கும்

11 ஜூன்

மேலே உள்ளதை முடிக்கவில்லை, தபாலிலும் போடவில்லை. கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். அப்புறம், எப்படி எழுதினேன் என்று நீங்கள் பார்க்கட்டும் என்று அதே தாளில் தொடர்கிறேன்.

நேற்று லோரி பிரேக் பிடிக்கவில்லை. பட்டறையில் விட்டுவிட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். காலை பத்து மணி இருக்கும். சமையலறையில் லெட்சுமி சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அக்கா, அந்தச் சிரிப்பு என் வீட்டில் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று தெரியவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் இல்லை. காதில் போன், கையில் வெங்காயம். “இல்ல தம்பி, அண்ணி கோபக்காரங்கதான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க. நீங்க ஒரு ரெண்டு நாள் கழிச்சுப் பேசிப் பாருங்க. கண்ணு ஆபரேஷன் இருக்குல்ல, அந்தப் பயத்துல கத்தியிருப்பாங்க.”

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டேன்.

நீங்கள் எழுதும் கடிதங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. நான் ரோட்டில். அவள் பிரித்துப் படித்துவிட்டு, நான் வந்ததும் எடுத்துத் தருவாள். உறை திறந்திருப்பதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை மட்டும் நானே தபால்காரரிடம் வாங்கினேன், அதனால்தான் ஆபரேஷன் பொய் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஷர்வின் அறையைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அவன் பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவில், பதினொரு பெட்டிகள். உங்களிடம் இருக்கிற அதே மெத்தை, அதே மாவு. பாதி பிரிக்கவே இல்லை. பெட்டிகளில் உள்ள தேதியைப் பார்த்தால் ஒரு வருடமாக நடக்கிறது. நான் உங்களுக்குப் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் வீட்டுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். ஆலையில் எல்லாருக்கும் நான்தான் இந்தக் கூட்டத்தைப் பற்றி எச்சரிப்பவன். இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? கிராணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஊர் சிரிக்காதா? இவளால் உங்களிடமும் கெட்ட பெயர் வாங்கினேன்.

நான் சொல்லவில்லை அக்கா. ஆனால் என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

திருச்செல்வம்


ஈஜோக்
15 ஜூன் 2024

தம்பி திருச்செல்வத்துக்கு,

உன் மேல் பழி சொன்னது என் தப்பு. பிள்ளை மேல் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன். அதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிராணி என்ன நினைப்பார், ஊர் சிரிக்கும், எந்த முகத்தோடு நிற்பது, எல்லாம் இருக்கிறது. நீ கத்தியபோது லெட்சுமி என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையா? அல்லது நீ கேட்கவில்லையா?

உன்னைவிட எனக்கு அந்தக் குரலைத் தெரியும். நான் அவனைத் திட்டிவிட்டு வைத்தேனே, அடுத்த நாள் பத்து மணிக்குப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திருடன் என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்தேன். இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. லெட்சுமியை நீ முட்டாள் என்று சொல்லியிருப்பாய். என்னையும் சேர்த்துச் சொல்லிக்கொள்.

அவள் ஏன் என் நம்பரைக் கொடுத்தாள் என்று எனக்கும் தெரிய வேண்டும். கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அதை நான் கேட்டுக்கொள்கிறேன். நீ இன்னொரு முறை அவள் மேல் கை ஓங்கினாலோ, சாமானை எடுத்து அடித்தாலோ, நான் அங்கே வந்து நிற்பேன்.

அக்கா


சுங்கை பஞ்சாங்
18 ஜூன் 2024

அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரவு லோடு முடிந்து வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு. “அண்ணி வீட்டுக்குப் போறேன். தேடி வர வேண்டாம்.” அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீட்டைப் பார்த்ததும், நிஜமாகவே உங்கள் வீட்டுக்குத்தான் போனாளா, இல்லை அவனைத் தேடிப் போனாளா என்று ஒரு எண்ணம் வந்தது. திங்கட்கிழமை காலையிலேயே உங்கள் தாமான் முனைவரை லோரியை ஓட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் வாசலில் அவளுடைய நீலச் செருப்பு கிடந்தது. இறங்கவில்லை. திரும்பிவிட்டேன்.

கை ஓங்கவில்லை அக்கா. சத்தம்தான் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே சிதறிய போன் துண்டுகளைப் பெருக்கி அள்ளிவிட்டு, வெங்காயத்தை நறுக்கி முடித்துச் சமைத்தாள்.

எப்போது வருவாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

திருச்செல்வம்


ஈஜோக்
24 ஜூன் 2024

தம்பிக்கு,

லெட்சுமி இங்கேதான் இருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் படிக்கவில்லை. படிக்கவா என்று அவளும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் பேங்க் கார்டை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வெளியே போய்த் துணி காயப்போட்டாள். நான் அவளை உன்னிடம் காட்டிக் கொடுக்கத்தான் வீட்டில் சேர்த்தேன் என்று அவளுக்கு ஒரு எண்ணம். இன்னும் அவனோடு பேசுகிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம். குளியலறையில் அவள் அதிக நேரம் இருந்தால் கதவுப் பக்கம் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளாகச் சொன்னாள். ஷர்வின் சிங்கப்பூர் போன அடுத்த வாரம் ஜீவனின் முதல் போன் வந்ததாம். “இன்னைக்கு என்ன சமையல் அண்ணி?” என்று கேட்டானாம். “வீட்டுல ஒரு ஆளுக்குச் சமைக்கிறத என்னன்னு சொல்றது அண்ணி? ஆனா அவன் கேட்டான். நான் சொன்னேன்” என்றாள். மூன்று பேரை அறிமுகப்படுத்தினால் கால் மெஷின் இலவசம் என்று சொன்னதும் மூன்று நம்பரைக் கொடுத்திருக்கிறாள். என் முட்டிக்கு நல்லது என்று என்னுடையது. அவள் தங்கையுடையது. மூன்றாவது உன்னுடையது. உஷாராக இரு.

நான் கேட்டேன். “எல்லாம் சரி லெட்சுமி, மாமா செத்த கதையை ஏம்மா அவன்கிட்ட சொன்ன?”

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பந்தியில இவரு அப்படிச் சொன்னப்ப நான் உங்க பக்கத்துலதான் நின்னேன் அண்ணி. அண்ணன் போனது உங்க தப்பு இல்லன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவருக்குப் பயந்து சொல்லல. வீட்டுக்கு வந்தும் சொல்ல முடியல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. அவன்கிட்ட சொன்னேன். அண்ணி தப்பு இல்ல தம்பி, யாரும் அவங்ககிட்ட அதச் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு.”

புரிகிறதா திருச்செல்வம்? நான் அழுதது அந்தப் பையன் சொல்லுக்கு இல்லை. லெட்சுமியின் சொல்லை அவன் எடுத்துவந்து எனக்கு விற்றிருக்கிறான். அன்றைக்கே அவள் என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு மெத்தை வாங்க வேண்டி இருந்திருக்காது.

வியாழக்கிழமை அவன் கூப்பிட்டான். லாயர் லெட்டர் தயாராகிவிட்டது, கடைசி வாய்ப்பு என்றான். நான் ஸ்பீக்கரில் போட்டு லெட்சுமி முன்னால் வைத்தேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “ஜீவன் தம்பி, நான்தான் சுங்கை பஞ்சாங் அண்ணி. எங்க வீட்டுல எல்லார் பேரும் உங்களுக்குத் தெரியும். உங்க அம்மா பேரு என்னன்னு சொல்லுங்க” என்றாள். அவனுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசுவது மட்டும் கேட்டது, சந்தை மாதிரி. “அண்ணி, நீங்க எதுக்கு அங்க...” என்று ஆரம்பித்தான். இவள் விடவில்லை. “அம்மா பேருப்பா. உங்க நிஜப் பேரு வேணாம்.” பட்டென்று வைத்துவிட்டான்.

மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் அலுவலகமாம், பதிவுக்கட்டணம் முதலில் கட்ட வேண்டுமாம். குரலுக்குப் பின்னால் அதே சந்தை இரைச்சல். லெட்சுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். வைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோலசிலாங்கூருக்குப் போய் போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தோம். பேங்கில் கார்டை நிறுத்தினோம். போன காசு வருமா என்றால் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதிய இளம்பெண், ஒவ்வொரு தடவையும் எதற்குச் சரி என்று சொன்னீர்கள் ஆன்ட்டி என்று மலாயில் கேட்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. லெட்சுமி, துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடியும் துவைத்தாள்.

எப்போது வருவாள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னாய். நான் கேட்க மாட்டேன். அவளிடம் கேட்க வேண்டியதை என் வழியாகக் கேட்காதே.

அக்கா


சுங்கை பஞ்சாங்
28 ஜூன் 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் உறை பிரிக்காமல் கதவிடுக்கில் இருந்தது. பந்தியில் சொன்னது எனக்கு நினைவில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். நினைவிருக்கிறது. சொல்லியிருக்கக் கூடாது. நேரில் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுகிறேன் என்று கோபப்படாதீர்கள். நேரிலும் சொல்கிறேன்.

இன்றைக்கு நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

ஆலை வாசலில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது லோரி. புது நம்பர் ஒன்று அடித்தது. ஷர்வின் சில சமயம் நண்பன் போனில் கூப்பிடுவான், அவன்தான் என்று எடுத்தேன்.

“வணக்கம்ணே. திருச்செல்வம் அண்ணன்தானே? வெயில்ல வரிசையில நிக்கிறீங்களா? சாப்டீங்களாண்ணே?”

அக்கா, நீங்கள் எழுதியிருந்தீர்கள், உஷாராக இரு என்று. எனக்கு எல்லாம் தெரியும். டயர் கடையை என் கண்ணால் பார்த்தவன் நான். அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணியவன். அப்படி இருந்தும் என் வாய் சொல்லிவிட்டது, “இன்னும் இல்ல தம்பி.”

“ஏண்ணே, வீட்டுல யாரும் இல்லையா? ஒத்தையா இருந்தா இப்படித்தாண்ணே, சாப்பிடவே தோணாது” என்றான்.

தோணவில்லைதான். பன்னிரண்டு நாளாக ஆலைக் கடை ரொட்டி சானாய்தான். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் பதில் சொல்லத் திரும்பவும் வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் அந்த இரைச்சல் கேட்டது, நீங்கள் எழுதிய மாதிரியே. நூறு பேர் நூறு பேரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் இரைச்சல். போனை வைத்துவிட்டேன். முன்னால் இருந்த லோரி நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டினான்.

ஒரு தடவை கேட்டதற்கே எனக்கு இப்படி. அவளிடம் ஒரு வருடம் கேட்டிருக்கிறான்.

லெட்சுமியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். லோரி இல்லை, பஸ்ஸில்தான். வரச்சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. அவள் சமையலறையில் இருந்தால் நானும் அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறேன். அவள் பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

தம்பி,
திருச்செல்வம்